எலிசா பிளேட்டில் நொதி செய்யும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் லேபுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் நிற்கும் வீட்டுக்காரர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் ஆறாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. எலிசான்னா என்ன? அதுல நொதி எதுக்கு?

ரத்தத்தில் நாம் தேடும் பொருள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் லேப் டெஸ்ட்தான் எலிசா. பிளேட்டில் 96 சின்னக் குழிகள். குழியின் அடியில் ஓர் எதிர்ப்பொருள் ஒட்டப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை ஊற்றினால், தேடும் பொருள் அதில் இருந்தால் அந்த எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, நொதி கட்டிய இரண்டாவது எதிர்ப்பொருளை ஊற்றுகிறோம். அது பிடிபட்ட பொருளின் மேல் போய் உட்காரும். மறுபடி கழுவி, சப்ஸ்ட்ரேட் ஊற்றினால் நொதி அதை நிறமாக மாற்றும். நிறத்தின் அடர்த்தியை ரீடர் எண்ணாகச் சொல்லும். இது சாண்ட்விச் முறை. வேறு முறைகளும் உண்டு, அடிப்படை இதுதான்.

நொதிக்கு முன்னால் அந்த இடத்தில் கதிரியக்க அயோடின் இருந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய அந்த முறைக்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. 1971இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும், அதே ஆண்டு நெதர்லாந்தில் வான் வீமனும் ஸ்கர்ஸும், கதிரியக்கத்துக்குப் பதிலாக நொதியைக் கட்டிப் பார்த்தார்கள். கதிரியக்கப் பயம் போனது ஒரு லாபம். இன்னொன்றும் உண்டு. ஒரு அயோடின் அணு ஒரே ஒரு தடவைதான் சிதைந்து சமிக்ஞை தரும். நொதி அப்படியில்லை. ஒரு மூலக்கூறை மாற்றியதும் அடுத்ததைப் பிடிக்கும், அதை மாற்றியதும் அதற்கடுத்தது. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

2. ஒரு நொதி அவ்வளவு வேலை செய்யும்னா, ஒரே ஒரு மூலக்கூறு இருந்தாலே நிறம் வந்துடணுமே?

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எச்.ஐ.வி.யின் பி24 புரதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 24,000 டால்டன். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் அது 1 பிகோகிராம் இருந்தால், நாம் குழியில் ஊற்றும் 100 மைக்ரோலிட்டரில் சுமார் 25 லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். கேட்கவே நிறைய மாதிரி இருக்கிறது, இல்லையா?

இப்போது மறுபக்கம். டி.எம்.பி. சப்ஸ்ட்ரேட்டில் ரீடர் 0.1 என்று காட்ட, குழியில் ஏறக்குறைய 400 லட்சம் கோடி நிற மூலக்கூறுகள் வேண்டும். ஒரு நொதி நொடிக்கு 1,000 மூலக்கூறை மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், 15 நிமிடத்தில் 9 லட்சம். வகுத்துப் பார்த்தால் சுமார் 45 கோடி நொதிகள் தேவை. நம்மிடம் உள்ளவை, ஒவ்வொரு பி24க்கும் ஒரு நொதி வீதம் எல்லாமே பிடிபட்டாலும், 25 லட்சம்தான். கிட்டத்தட்ட 180 மடங்கு பற்றாக்குறை. தோராயக் கணக்குதான், ஆனால் ஆம்ப்ளிஃபிகேஷன், அதாவது சமிக்ஞையை மேலும் பெருக்குவது, ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

3. எச்.ஆர்.பி., ஏ.எல்.பி. இரண்டில் எது நல்லது?

எச்.ஆர்.பி. என்பது ஹார்ஸ்ராடிஷ் என்ற கிழங்கு வகையிலிருந்து எடுக்கும் பெராக்சிடேஸ். சின்னது, சுமார் 44,000 டால்டன். வேகமானது, விலையும் குறைவு. ஏ.எல்.பி. என்கிற ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கன்றின் குடலிலிருந்து எடுக்கப்படுவது, சுமார் 1,40,000 டால்டன். வேகம் குறைவு, ஆனால் நெடுநேரம் சோர்வில்லாமல் ஒரே சீராக வேலை செய்யும். எச்.ஆர்.பி.யை அது பயன்படுத்தும் ஹைட்ரஜன் பெராக்சைடே மெல்ல மெல்லக் கெடுத்துவிடும்.

பயிற்சிக்கு வருபவர்கள் மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. பஃபர் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு எச்.ஆர்.பி.யை முடக்கிவிடும். பாஸ்பேட் பஃபர் ஏ.எல்.பி.யின் வேலையைத் தடுக்கும். ஒரு கிட்டின் வாஷ் பஃபரை இன்னொரு கிட்டுக்கு ஊற்றாதே என்று சீனியர்கள் கத்துவது இதனால்தான்.

4. "கெமி"யில் பார்த்தால் எலிசாவைவிடத் துல்லியம்னு சொல்றாங்களே, அது எப்படி?

நிறத்தை அளக்கும்போது ரீடர் ஒரு பெரிய வெளிச்சத்தைச் செலுத்தி, அதில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறது. பெரிய எண்ணிலிருந்து சின்ன வித்தியாசத்தைப் பிரிப்பது கடினம். கெமிலூமினசென்ஸில் வெளியிலிருந்து வெளிச்சமே கிடையாது. இருட்டறையில் நொதி லூமினாலையோ டையாக்சிடேனையோ மாற்றும்போது பிறக்கும் ஒளியை மட்டும் எண்ணுகிறோம். ஆரம்பம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சின்ன ஒளியும் தெரிந்துவிடுகிறது.

தைராய்டு டெஸ்ட் இதற்கு நல்ல சாட்சி. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்., தைராய்டு அதிகமாகச் சுரந்தால் குறையும். கதிரியக்கக் காலத்தில் அதை 1 யூனிட்டுக்குக் கீழே நம்பிப் பார்க்க முடியாது. அதனால் தைராய்டு அதிகமாகச் சுரப்பவரையும் சாதாரண ஆளையும் அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியவில்லை. மூன்றாம் தலைமுறை கெமி முறைகள் 0.01 – 0.02 வரை இறங்கின. ஒன்று மட்டும்: கெமி என்று பெயர் இருந்தாலே உள்ளே நொதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அக்ரிடினியம் வைத்து ஓடும் மெஷின்களில் ஒளி நேரடி வேதிவினையாலும், ருத்தீனியம் வைத்து ஓடுபவற்றில் மின்சாரம் தூண்டும் வினையாலும் வருகிறது.

5. ஆம்ப்ளிஃபிகேஷன்னு தனியா சொல்றாங்களே, சாதாரண எலிசாவுல இருந்து அது எங்க மாறுது?

மூன்று வழிகளைச் சொல்கிறேன். முதல் வழி, ஆள்பலம். இரண்டாவது எதிர்ப்பொருளில் ஒரு நொதிக்குப் பதிலாக பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிவிட்டு, அதன் மேல் ஸ்ட்ரெப்டாவிடினோடு (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) சேர்த்த நொதிக்கொத்தை உட்கார வைப்பது. பாலி எச்.ஆர்.பி. என்று விற்கப்படும் கொத்துகளில் ஒவ்வொன்றிலும் பத்துக்கணக்கில், சிலவற்றில் நூறுக்கு மேலும் நொதிகள் இருக்கும். இரண்டாம் கேள்வியில் பார்த்த 180 மடங்குப் பற்றாக்குறையில் பெரும்பங்கு இதிலேயே அடைந்துவிடும்.

இரண்டாவது வழி டைரமைடு. 1989இல் போப்ரோ குழுவினர் வெளியிட்டது. இங்கே எச்.ஆர்.பி.க்கு நிறம் உண்டாக்கும் வேலை இல்லை. பயோட்டின் கட்டிய டைரமைடை அது தீவிரமான, சொற்ப நேரமே வாழும் ஒரு வடிவமாக மாற்றுகிறது. அந்த வடிவம் தூரம் போக நேரமில்லாமல், பக்கத்திலுள்ள புரதங்களின் டைரோசினில் ஒட்டிக்கொள்கிறது. ஆக, ஒரு நொதியைச் சுற்றி ஏராளமான பயோட்டின்கள் படிந்துவிடுகின்றன. அவை ஒவ்வொன்றிலும் புது நொதி வந்து உட்காரலாம். எனக்கு இந்த முறையில் பிடித்தது, சமிக்ஞை பெருகினாலும் இடம் மாறுவதில்லை என்பது. திசுக்களைப் பார்க்கும் பேத்தாலஜி லேபுகளில் இது அதிகம் பயன்படுவதற்குக் காரணமும் அதுதான்.

மூன்றாவது, நொதிச் சுழற்சி. காலின் செல்ஃப் 1980களில் கொண்டுவந்தது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எதிர்ப்பொருளில் உள்ள ஏ.எல்.பி., என்.ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை உரித்து என்.ஏ.டி.யாக மாற்றுகிறது. குழியில் வேறு இரண்டு நொதிகள் காத்திருக்கின்றன. ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் எத்தனாலைச் செலவழித்து என்.ஏ.டி.யை என்.ஏ.டி.எச். ஆக்குகிறது. டயபோரேஸ் அதை மறுபடி என்.ஏ.டி.யாக்கி, அந்தப் போக்கில் ஒரு சிவப்பு ஃபார்மசான் மூலக்கூறை உண்டாக்குகிறது. என்.ஏ.டி. தீர்வதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிவப்பு. ஏ.எல்.பி. தானே பெருக்குகிறது, அது பெருக்கியதை இந்தச் சுழற்சி மேலும் பெருக்குகிறது. ஆனால் வாங்கிய என்.ஏ.டி.பி.யில் துளி என்.ஏ.டி. கலந்திருந்தாலும், நோயாளியின் சீரமே இல்லாத குழியும் சிவந்துவிடும். கிருமி வளர்ந்த பஃபரில் அதன் சொந்த பாஸ்பட்டேஸும் இதே வேலையைச் செய்யும்.

6. அப்படின்னா பெருக்கிக்கிட்டே போனா எதையும் கண்டுபிடிச்சிடலாமே?

முடியாது. ஒட்டியிருப்பது எதுவோ அதைத்தான் நொதி பெருக்கும். தேடிய பொருளின் மேல் உட்கார்ந்த எதிர்ப்பொருளா, கழுவும்போது போகாமல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்ட எதிர்ப்பொருளா என்று அதற்குத் தெரியாது. கோயில் திருவிழாவில் மைக்செட்டின் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு மட்டுமா கூடுகிறது? மைக்குக்குப் பக்கத்தில் பேசுபவர்களின் பேச்சும் கூடத்தான் செய்யும்.

எண்ணில் பார்ப்போம். பொருளே இல்லாத குழியின் ஓ.டி. (ரீடர் காட்டும் நிற அடர்த்தி எண்) 0.050, அதன் ஏற்ற இறக்கம் 0.010 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் மூன்று மடங்கைச் சேர்த்தால் 0.080. அதற்கு மேலிருந்தால்தான் "இருக்கிறது" என்று சொல்ல முடியும். ஒரு நோயாளிக்கு 0.070 வருகிறது, அதாவது தெரியவில்லை. பத்து மடங்கு பெருக்குகிறோம். வெறுங்குழி 0.500, ஏற்ற இறக்கம் 0.100, எல்லை 0.800. நோயாளிக்கு 0.700. பிளேட் பார்க்க அழகாக நிறம் காட்டும், ஆனால் தெரியாதது தெரியாததுதான்.

பெருக்குவது உதவும் இடம் வேறு. வெறுங்குழி உண்மையிலேயே சுத்தமாக இருந்து, சமிக்ஞை ரீடரின் கண்ணுக்கு எட்டாத அளவு சின்னதாக இருந்தால், அங்கே பெருக்குவதால் பலன் உண்டு. அதனால் ஒரு டெஸ்டை இன்னும் நுணுக்கமாக்க நினைப்பவர் முதலில் வெறுங்குழியைத்தான் சரிசெய்ய வேண்டும். நல்ல எதிர்ப்பொருள், நல்ல பிளாக்கிங் (பிளாஸ்டிக்கின் காலி இடங்களை முன்கூட்டியே மூடுவது), நல்ல வாஷ், அதற்குப் பிறகுதான் நொதி. இந்த வரிசையை மாற்றிச் செய்து காசைக் கரைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

7. அஞ்சு வாஷ்னு போட்டிருக்கு. மூணு செஞ்சா போதாதா அக்கா? அப்புறம், போர் தண்ணியில கரைச்சா என்ன?

போதாது. காரணம் மேலே சொன்னதுதான். பெருக்கல் அதிகமுள்ள கிட்டில் மிச்சம் நிற்கும் ஒரு துளி கன்ஜுகேட்டும் (நொதி கட்டிய எதிர்ப்பொருள்) பெருகித்தான் தெரியும். ஒவ்வொரு வாஷுக்கும் பிறகு பிளேட்டைக் கவிழ்த்து உறிஞ்சு தாளில் தட்டுங்கள். குழியில் தண்ணீர் நிற்கக்கூடாது. ஆனால் உலரவும் விடக்கூடாது.

தண்ணீர் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கும் என்பது குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். மேசை துடைக்கும் ஹைப்போகுளோரைட் பிளேட்டின் பக்கமே வரக்கூடாது. அது நொதியே இல்லாமல் டி.எம்.பி.யை நீலமாக்கிவிடும்.

8. ரூம் டெம்பரேச்சர்ல வைக்கணும்னு இருக்கு. மே மாசத்துல நம்ம ரூமே 35 டிகிரி இருக்கே?

கிட் எழுதியவர்கள் மனதில் இருக்கும் ரூம் கடலூர் மே மாத ரூம் இல்லை. பெரும்பாலான கிட்களில் அது 25க்குப் பக்கம்தான், உள்ளே இருக்கும் தாளில் சரியான வரம்பு இருக்கும். 10 டிகிரி கூடினால் நொதியின் வேகம் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மடங்காகும். கன்ட்ரோலும் (விடை முன்பே தெரிந்த மாதிரி) அதே பிளேட்டில் ஓடுவதால் ஓரளவு சமமாகிவிடும், முழுதாக ஆகாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிளேட் ஓரத்தில் சீக்கிரமும் நடுவில் மெதுவாகவும் சூடேறும். ஓரக் குழிகளின் ரீடிங் மட்டும் ஏறி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். ஏ.சி. அறையில் வைத்து, கிட் முழுதும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

கரன்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. கிட் 2 – 8 டிகிரியில் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த பிறகு பல நாள் கரன்ட் இல்லாமல் கிடந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி வெப்பம் பார்த்த கிட்டின் பாசிடிவ் கன்ட்ரோல் வரம்புக்குள் வந்தால்கூட, நொதி எவ்வளவு செத்திருக்கிறது என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. குறைந்த அளவுள்ள மாதிரிகள்தான் முதலில் தவறிப்போகும். ஃபிரிட்ஜுக்குள் வெப்பப் பதிவு இருக்கட்டும்.

9. அம்மாவுக்கு மூணாம் நாள் டெங்கு கார்டு டெஸ்ட் நெகடிவ்னாங்க, எலிசாவுல பாசிடிவ்னு வந்திருக்கு. எதை நம்புறது?

எலிசாவை. பெரும்பாலான கார்டுகளில் நொதி கிடையாது. தங்கத் துகள்கள் ஒரு கோட்டில் வந்து சேர்வதுதான் நாம் பார்க்கும் கோடு. எத்தனை துகள் சேர்ந்ததோ அவ்வளவுதான் நிறம், பெருக்கல் இல்லை. எலிசாவில் முதல் கேள்வியில் சொன்ன தொடர் வேலை நடக்கிறது. அரசின் டெங்குத் திட்டமும் உறுதி செய்ய எலிசாவைத்தான் கேட்கிறது.

எந்த நாளில் எதைத் தேடுகிறோம் என்பதும் முக்கியம். முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதம். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள். இரண்டாம் முறை டெங்கு வருபவர்களுக்கு ஏற்கெனவே உள்ள எதிர்ப்பொருள்கள் என்.எஸ்.1ஐ மூடிக்கொள்வதால் எலிசாவிலும் தவறலாம். மறைந்து கிடக்கும் புரதத்தைக் குழி பிடிக்கவே இல்லை என்றால், பின்னால் எவ்வளவு வலுவான நொதி இருந்தும் பயனில்லை. அதனால் நெகடிவ் தாளை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் சேர்ந்தே சுற்றும். அம்மாவுக்கு வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, மயக்கம் இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

10. எச்.ஐ.வி.க்கு நாலாம் தலைமுறை டெஸ்ட் வந்துடுச்சே, மறுநாளே தெரிஞ்சிடுமா?

தெரியாது. நாலாம் தலைமுறை எதிர்ப்பொருளோடு பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடுகிறது. அதனால் காத்திருக்கும் காலம் குறைந்தது. நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தை லேபில் பார்த்தால், தொற்று வாய்ப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 18 – 45 நாளில் பிடிபடும். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் டெஸ்டுகளுக்கு 23 – 90 நாள். மறுநாள் ரத்தத்தில் பெருக்குவதற்குப் பொருளே வந்திருக்காது.

மனதில் பயம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், விவரம் வெளியே போகாது. தொற்று வாய்ப்பு ஏற்பட்டு 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் தடுப்பு மருந்து பற்றி அன்றே கேளுங்கள்.

11. பொருள் ரொம்ப அதிகமா இருந்தா ரீடிங் குறைவா வரும்னு சொல்றாங்க. அது எப்படி?

ஹூக் விளைவு. மாதிரியையும் நொதி கட்டிய எதிர்ப்பொருளையும் ஒன்றாக ஊற்றும் கிட்களில் வரும். பொருள் வெள்ளமாக இருந்தால், குழியில் உள்ள எதிர்ப்பொருளைத் தனியாகவும் நொதி உள்ளதைத் தனியாகவும் நிரப்பிவிடும். இரண்டையும் இணைக்கும் சாண்ட்விச் அமையாது. நொதி கழுவப்பட்டு வெளியே போய்விடும். புரோலாக்டின், பீட்டா எச்.சி.ஜி. போன்றவற்றில் இது தெரிந்த சிக்கல். நோயாளியின் நிலைக்கும் எண்ணுக்கும் பொருந்தாவிட்டால் மாதிரியை நீர்க்க வைத்து மறுபடி ஓட்டுங்கள். நீர்த்த பிறகு எண் ஏறினால் காரணம் இதுதான்.

12. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறேன். தைராய்டு டெஸ்டுக்கு அதைச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். ஐந்தாம் கேள்வியில் பார்த்த பயோட்டின் – ஸ்ட்ரெப்டாவிடின் பிடிப்பைப் பல மெஷின்கள் நம்பியிருக்கின்றன. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். முடிக்கான மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம், அதாவது சுமார் 170 முதல் 330 மடங்கு இருக்கும். ரத்தத்தில் மிதக்கும் அந்தப் பயோட்டின் ஸ்ட்ரெப்டாவிடினின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. சாண்ட்விச் முறையிலான டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், போட்டி முறையிலான (சமிக்ஞை குறைந்தால் பொருள் அதிகம் என்று கணக்கிடும் முறை) எஃப்.டி.4 என்ற தைராய்டு ஹார்மோன் பொய்யாக ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தைராய்டு அதிகம் சுரப்பது போலவே இருக்கும்.

மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினும் இப்படிப் பொய்யாகக் குறையலாம். அமெரிக்க மருந்துத் துறை 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது, ஓர் உயிரிழப்பையும் குறிப்பிட்டது. எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பதை அளவைப் பார்த்து டாக்டர் சொல்வார்.

13. டிஜிட்டல் எலிசான்னு படிச்சேன். அதுல அப்படி என்ன புதுசு?

நொதி பழையதுதான், குழியைச் சின்னதாக்கியிருக்கிறார்கள். 2010இல் டேவிட் வால்ட், டேவிட் டஃபி இருந்த குழு வெளியிட்டது. பொருளை நுண்மணிகளில் பிடித்து, பீட்டா காலக்டோசிடேஸ் நொதி கட்டி, ஒரு குழிக்கு ஒரு மணி என்று அடைக்கிறார்கள். ஒரு குழியின் கொள்ளளவு சுமார் 50 ஃபெம்டோலிட்டர். நம் பிளேட்டின் 100 மைக்ரோலிட்டரில் அது 200 கோடியில் ஒரு பங்கு. ஒரே ஒரு நொதி உண்டாக்கும் ஒளிரும் மூலக்கூறுகள் பெரிய குழியில் கரைந்து காணாமல் போகும். இங்கே போக இடமில்லாமல் குவிந்து ஒளிரும். ஒளிரும் குழிகளை எண்ணினால் போதும். இரண்டாம் கேள்வியில் ஒரு மூலக்கூறிலேயே தெரிய வேண்டுமே என்று கேட்டீர்களே, இதில் கிட்டத்தட்ட அது நடக்கிறது. மூளை நரம்பு நோய்களில் ரத்தத்துக்கு மிகச் சிறிதளவே கசியும் புரதங்களைப் பார்க்க இப்போது பயன்படுகிறது.

ஆனால் ஆறாம் கேள்வியின் தொல்லை இங்கும் உண்டு. தவறுதலாக ஒட்டிய நொதியும் ஒரு குழியை ஒளிர வைக்கும்.

14. நுணுக்கமான டெஸ்டுல பாசிடிவ் வந்தா அது உறுதிதானே?

எப்போதும் இல்லை. நோய் அரிதாக உள்ள 10,000 பேரைப் பார்க்கிறோம், அதில் 10 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் அந்த 10 பேரையும் பிடித்துவிடுகிறது. நோயில்லாத 1,000 பேரில் 5 பேருக்கு மட்டும் தவறாகப் பாசிடிவ் சொல்கிறது. அப்படியும் சுமார் 50 பேர் பொய்யாக மாட்டுவார்கள். பாசிடிவ் வந்த 60 பேரில் நிஜம் 10. கட்-ஆஃபுக்கு (பாசிடிவ் என்று சொல்லும் எல்லை) சற்று மேலே நிற்கும் ரீடிங்கை அதே மாதிரியில் இரட்டையாக ஓட்டி, வேறு முறையில் உறுதி செய்த பிறகே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கவுன்டரில் வாய் தவறியும் "பாசிடிவ்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லோடு அந்தக் குடும்பம் அன்றிரவு தூங்காது.

15. கிட்டுல பாலி எச்.ஆர்.பி. இல்லை. தனியா வாங்கி நாமளே சேர்த்துக்கிட்டா என்ன? இல்லேன்னா சப்ஸ்ட்ரேட்டை இன்னும் பத்து நிமிஷம் வைக்கலாமா?

ஆராய்ச்சிக்கென்றால் தாராளமாகச் செய்து பாருங்கள். நோயாளிக்குப் போகும் ரிப்போர்ட்டில் செய்யக்கூடாது. கிட்டின் கட்-ஆஃப், அந்தக் கன்ஜுகேட்டும் அந்த நிமிடங்களும் வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒன்றை மாற்றினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். சப்ஸ்ட்ரேட்டைக் கூடுதலாக வைத்தால் வெறுங்குழியும் ஏறும், வலுவான குழிகள் ரீடரின் உச்சத்தைத் தொட்டு ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் நிற்கும்.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய தேவை இருந்தால் வெறுங்குழிகளை வெவ்வேறு நாளில் பலமுறை ஓட்டி எல்லையை நிர்ணயிக்க வேண்டும். நோய் உறுதியானவர்களின் மாதிரிகள், இல்லையென்று உறுதியானவர்களின் மாதிரிகள், ருமட்டாய்டு ஃபேக்டர் (டெஸ்டைக் குழப்பக்கூடிய ஓர் எதிர்ப்பொருள்) உள்ளவர்களின் மாதிரிகள் எல்லாவற்றிலும் பழைய முறையோடு ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். லேபின் பொறுப்பு மருத்துவர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு தொடங்குங்கள். அதுவரை கிட்டில் வந்த தாளில் உள்ளபடியே ஓட்டுங்கள், டைமரை வைத்து.